பிசிறு எடுத்தால் போதுமா?

சென்ற மாதம் ஆவடியிலிருந்து ஒரு பொறியியல் மாணவர் என்னைக் காண வந்தார். கையில் மடித்த தாள் ஒன்று. லினக்ஸ் கருநிரலில் தாம் செய்த ஒரு திருத்தம் ஏற்றுக்கொள்ளப்பட்டுவிட்டது என்பதற்கு அது சான்று. உலகெங்கும் கோடிக்கணக்கான கணிப்பொறிகளிலும் கைப்பேசிகளிலும் ஓடும் நிரலில் தம் பெயர் ஏறிவிட்டதே என்ற பூரிப்பு அவர் முகத்தில் தெரிந்தது. கல்லூரியிலும் பாராட்டினார்களாம்.

திருத்தம் யாது என்று பார்த்தேன். ஒரு வைஃபை கருவிக்குரிய இயக்கி நிரலில், ஒரு வரியின் கடைசியில் வீணாகக் கிடந்த இடைவெளியை நீக்கியிருந்தார். தனி வரியில் நின்ற ஓர் அடைப்புக் குறியை மேல் வரிக்கு ஏற்றியிருந்தார். அவ்வளவுதான்.

"இது பெருமைப்படத் தக்க வேலைதானா, சார்?" என்று அவரே கேட்டார். கேள்வியில் கொஞ்சம் கூச்சம் இருந்தது. ஆம் என்றும் சொல்ல வரவில்லை, இல்லை என்றும் சொல்ல வரவில்லை. அவர் போன பிறகு யோசித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்துக் கல்லூரிகளில் மட்டுமன்றி நாடெங்கும் மாணவர்கள் இத்தகைய 'துப்புரவு' வேலையில் இறங்கியிருப்பதால், உங்களில் பலருக்கும் இக்கேள்வி எழுந்திருக்கலாம்.

முதலில், இயக்கி நிரல் என்பது என்ன என்று தெரிந்துகொள்வோம். விரல் நகத்தளவே உள்ள ஒரு யுஎஸ்பி வைஃபை செருகியை ரிச்சி தெருவில் வாங்கி வருகிறீர்கள். அதனுள் ஒரு சில்லு இருக்கிறது. அந்தச் சில்லுக்கும் கணிப்பொறிக்கும் பொதுமொழி கிடையாது. இன்ன சானலுக்கு மாறு, இத்தனை வலிமையுடன் அலையை அனுப்பு, வந்த செய்தியை இங்கே கொட்டு என்றெல்லாம் சில்லின் பதிவகங்களில் எண்களாக எழுத வேண்டும். அவ்வாறு எழுதும் நிரலே இயக்கி. டிரைவர் என்று பொறியாளர் சொல்வது இதைத்தான். நல்ல டிரைவர் இல்லையேல் நல்ல சில்லும் வெறும் மணல்தான்.

நம் மாநிலத்தில் 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், விண்டோசுடன் பாஸ் லினக்ஸும் சேர்த்தே தரப்பட்டது. பாஸ் என்பது சென்னை சி-டாக் நிறுவனத்தார் ஆக்கியது. ஒரு தலைமுறை மாணவர்கள் லினக்ஸின் முகத்தை முதலில் கண்டது அந்தத் திரையில்தான். லினக்ஸைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கைவிட்டவர்களைக் கேட்டுப் பாருங்கள். "வைஃபை வரவில்லை" என்பதே பெரும்பாலும் விடையாக இருக்கும். ஆகவே இந்த நிரல்களின் தரம் எங்கோ இருக்கும் வல்லுநர்களின் கவலை மட்டுமன்று.

இனி, இந்த நிரல்கள் ஏன் அழுக்காக இருக்கின்றன? எழுதியவர்கள் விவரமில்லாதவர்கள் என்று மாணவர்கள் சட்டென்று முடிவுகட்டிவிடுகிறார்கள். அது தவறு.

அம்பத்தூர்த் தொழிற்பேட்டை 1964-இல் தோன்றியது. அங்கே ஒரு சிறு லேத் பட்டறைக்குள் நுழைந்து, வார்ப்படச் சாலையிலிருந்து வந்திறங்கிய காஸ்டிங்கைப் பாருங்கள். ஓரமெல்லாம் பிசிறு, பட்டறையில் 'பர்' என்பார்கள். அதோடு, இந்த ஜாபுக்கு வேண்டவே வேண்டாத ஒரு மேடு அதில் துருத்திக்கொண்டிருக்கும். விசாரித்தால், இதே அச்சில் வேறொரு மாடலுக்கும் வார்க்கிறார்கள், அதற்கு அந்த மேடு வேண்டும் என்பார்கள். அச்சு செய்தவன் முட்டாள் அல்லன். ஓர் அச்சில் நான்கு உருப்படி எடுக்கத் தெரிந்த சிக்கனக்காரன்.

சில்லு நிறுவனங்களும் அப்படித்தான். தைவான் நாட்டின் ரியல்டெக் நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். மலிவான வைஃபை சில்லுகளில் பெரும்பங்கு இவர்களுடையது. ஒரே நிரலை எழுதி, அதனைப் பல இயங்குதளங்களிலும், தம்முடைய பல சில்லுகளிலும் ஓட்டுவதே அவர்கள் முறை. அதனால் நிரலின் அடியில் ஓர் இடைத்தட்டு இருக்கும்: நினைவகம் கேட்க அவர்களுக்கென ஒரு செயல்கூறு, காத்திருக்க ஒன்று, பூட்டுப் போட ஒன்று. லினக்ஸில் இவையெல்லாம் முன்பே இருக்கின்றன. ஆயினும் நிரல் தன் சொந்தப் பாத்திரங்களை மூட்டைகட்டி எடுத்துக்கொண்டே வரும். மறையீட்டுக்கான கணக்குகளும், பிழை காணும் சரிபார்ப்பு அட்டவணையும்கூட உள்ளேயே எழுதப்பட்டிருக்கும். விருந்தாளி தன் அம்மிக்கல்லைத் தூக்கிக்கொண்டு வந்த கதைதான்.

இதைவிடப் பெரிய குறை ஒன்றும் உண்டு. வைஃபை பேச்சுக்கு 802.11 என்னும் விதித்தொகுதி இருக்கிறது. அந்த விதிகளின் பெரும்பகுதி எல்லாச் சில்லுகளுக்கும் பொது. ஆகவே லினக்ஸில் 2007-இல் 'மேக்80211' என்னும் பொதுப்பகுதி சேர்க்கப்பட்டது. விதிகளை அது பார்த்துக்கொள்ளும். டிரைவர் தன் சில்லை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். நிறுவனத்தின் நிரலோ அந்த விதித்தொகுதி முழுவதையும் தானே மறுபடி எழுதி வைத்திருக்கிறது. ஆயிரக்கணக்கான வரிகள் இரட்டிப்பு. பொதுப்பகுதியில் ஒரு பழுது சரிசெய்யப்பட்டாலும் இந்த நிரலுக்கு அதன் பயன் கிட்டாது.

இப்படிப்பட்ட நிரல்களை என்ன செய்வது? தள்ளிவிட்டால் செருகியை வாங்கியவன் பாடு திண்டாட்டம். அப்படியே சேர்த்துக்கொண்டாலோ கருநிரலே கெட்டுப்போகும். 2008-ஆம் ஆண்டின் இறுதியில் கிரெக் குரோ-ஹார்ட்மன் என்பவரின் முயற்சியால் ஒரு நடுவழி கண்டார்கள். 'ஸ்டேஜிங்' என்னும் தனி அறை அது. தரம் குறைந்தாலும் வேலை செய்யும் நிரல்கள் அங்கே தங்கலாம். ஒவ்வொன்றுடனும் இன்னின்ன குறைகளைக் களைய வேண்டும் என்ற பட்டியல் ஒன்று இருக்கும். அங்குள்ள டிரைவரை ஏற்றினால் கருநிரல் தன்மேல் ஒரு கறை விழுந்துவிட்டதாகக் குறித்துக்கொள்ளும். மூல நிரலில் அந்தக் கறைக்கு இட்டிருக்கும் பெயர் 'குப்பை' என்றே பொருள்படும். பொறியாளர்களுக்கு நாசூக்கு போதாது என்பார்கள், உண்மைதான் போலும்.

இந்த அறைதான் மாணவர்களின் பயிற்சிக் களமாயிற்று. 'செக்பேட்ச்' என்று ஒரு கருவி இருக்கிறது. நிரலைப் படித்து, இங்கே வரி நீளம், அங்கே இடைவெளி தவறு, இந்தப் பெயரில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் கலந்திருக்கின்றன என்று அது பட்டியல் போட்டுத் தரும். ஒன்றை எடுத்துத் திருத்தி மின்னஞ்சலில் அனுப்பினால், அது ஏற்கப்படலாம். 'அவுட்ரீச்சி' என்ற பயிற்சித் திட்டத்தில் லினக்ஸ் கருநிரல் 2013 முதல் இடம் பெற்றது. அதில் விண்ணப்பிப்போர் முதலில் இத்தகைய சிறு திருத்தங்களை அனுப்பிக் காட்ட வேண்டும். நம் நாட்டுப் பெண்கள் பலர் கருநிரலுக்குள் நுழைந்தது இந்த வாசல் வழியேதான். ஆகவே இந்த முறையையே குறை சொல்பவன் அல்லேன் நான். நான் குறைசொல்வது, வாசலிலேயே பாய் விரித்துப் படுத்துக்கொள்வதை.

ஏன் என்று ஒரு நிரலின் வரலாற்றைக் கொண்டே சொல்கிறேன்.

ஆர்டிஎல்8188இயு என்ற சில்லு ரிச்சி தெருச் செருகிகளில் ஏராளமாகக் காணப்படும் ஒன்று. இதற்கான டிரைவர் 2013-இல் ஸ்டேஜிங் அறைக்குள் வந்தது. அடுத்த எட்டாண்டுகள் உலகெங்குமுள்ள புதியவர்கள் இதைத் துடைத்தார்கள், பெருக்கினார்கள், மெழுகினார்கள். இடைவெளிகள் நேராயின. நீண்ட வரிகள் மடிக்கப்பட்டன. பெயர்கள் மாற்றப்பட்டன. பயன்படாத பகுதிகள் சிலவும் நீங்கின. அது உண்மையிலேயே நல்ல வேலை.

2021 மார்ச்சில் இந்த நிரலில் ஒரு பாதுகாப்பு ஓட்டை அம்பலமாயிற்று. வைஃபை வலையைத் தேடும் பகுதியில் அது இருந்தது. இன்ன பெயருள்ள வலை இருக்கிறதா பார் என்று ஒரு நிரல் கேட்கும்போது, அந்தப் பெயரை டிரைவர் தன்னிடமுள்ள ஒரு பெட்டியில் படியெடுத்து வைக்கிறது. பெட்டியின் கொள்ளளவு 32 பைட். 802.11 விதிப்படி வலையின் பெயருக்கு உச்ச அளவும் அதுதான். ஆனால் வருகின்ற பெயர் அந்தப் பெட்டிக்குள் அடங்குமா என்று நிரல் பார்க்கவேயில்லை.

இதன் பொருளை நம் ஊர்ப் பெயர்களை வைத்தே பாருங்கள். கணிப்பொறியில் இன்று வழங்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட் கொள்ளும். புள்ளியும், கொம்பும், கொக்கியும் தனித்தனிக் குறிகளாகவே எண்ணப்படும். 'ஆவடி' என்பதில் ஆ, வ, ட, இகரக் கொக்கி என 4 குறிகள், 12 பைட். 'பூந்தமல்லி' என்பதை எண்ணுங்கள்: 10 குறிகள், 30 பைட். 'அம்பத்தூர்' என்பதும் அப்படியே 10 குறிகள், 30 பைட். உங்கள் வீட்டு வைஃபைக்கு 'அம்பத்தூர்' என்று பெயர் வைக்கலாம். அப்புறம் இன்னொரு தமிழ் எழுத்துக்குக்கூட இடமில்லை. 'அம்பத்தூர் வீடு' என்றாலோ, நடுவில் உள்ள இடைவெளிக்கு 1 பைட் சேர்த்து, 43 பைட் ஆகிவிடும். படிக்குள் அரிசி கொள்ளாவிட்டால் தரையில் சிந்தும், அவ்வளவுதான். கணிப்பொறியின் நினைவகத்தில் தரை என்று ஒன்று கிடையாது. பெட்டிக்கு அடுத்தாற்போல் வேறொரு தகவல் உட்கார்ந்திருக்கும். வழிந்த பைட்டுகள் அதன்மேல் எழுதப்பட்டுவிடும். ஒழுங்கான நிரல்கள் 32-க்கு மேற்பட்ட பெயரை அனுப்ப மாட்டா என்பது மெய்யே. கெட்ட எண்ணத்தோடு எழுதப்பட்டது அனுப்பினால்? கருநிரல் யாரையும் நம்பி இருக்கக் கூடாது.

இப்போது சொல்லுங்கள். எட்டாண்டுகளாக அத்தனை பேர் அந்தக் கோப்புகளைத் திறந்தார்களே, அந்த வரியைக் கண்டவர் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? கண்களால் பலர் கண்டிருக்கக்கூடும். ஆனால் அவர்கள் தேடியது இடைவெளியை. அந்த வரியில் இடைவெளியெல்லாம் சரியாகவே இருந்தது. ஓட்டையை அடைத்த திருத்தத்தை அனுப்பியவர் டேன் கார்பென்டர் என்பவர். நிரல்களின் பொருளை ஆராய்ந்து பிழை காணும் 'ஸ்மாட்ச்' என்ற கருவியை ஆக்கியவர் இவர். ஸ்டேஜிங் அறையிலிருந்த வேறு சில வைஃபை டிரைவர்களிலும் இதே வகை ஓட்டை இருந்தது, அவற்றையும் அடைத்தார்.

பட்டறை உவமைக்கே திரும்புவோம். பிசிறு எடுத்த ஜாப் கையைக் கிழிக்காது, பார்வைக்கும் பளபளக்கும். ஆனால் துளையின் விட்டம் சரிதானா என்பதை அரம் சொல்லாது. அதற்கு வெர்னியரை எடுத்து வைத்துப் பார்க்க வேண்டும். பளபளக்கும் ஜாபைக் கண்டு அளவும் சரியாகத்தான் இருக்கும் என்று மேஸ்திரி ஏமாந்துபோவதும் உண்டு. அழுக்கான நிரலைக் கண்டால் எல்லாரும் எச்சரிக்கையாக இருப்பார்கள். அழகாக மடித்து வைத்த நிரலில் ஓட்டை இருந்தால் சந்தேகமே வராது.

கதை இதோடு முடியவில்லை. அதே 2021-இல், எட்டாண்டு துப்புரவு கண்ட அந்த டிரைவரைத் தூக்கிவிட்டு, நிறுவனத்தின் அதைவிடப் புதிய பதிப்பு ஒன்றை அந்த இடத்தில் வைத்தார்கள். புதியது என்றால் புதிய அழுக்கு என்று கொள்க. மீண்டும் முதலிலிருந்து துடைப்பம். இரண்டாண்டுகூட நிறைவதற்குள், 2023-இல், அதையும் நீக்கிவிட்டார்கள். ஏனெனில் 'ஆர்டிஎல்8எக்ஸ்எக்ஸ்எக்ஸ்யு' என்ற வேறொரு டிரைவர் இதே சில்லை ஓட்டக் கற்றுக்கொண்டுவிட்டது. அது நிறுவனத்தின் மூட்டையைப் பிரித்துத் துடைத்தது அன்று. மேக்80211 என்னும் பொதுப்பகுதியைச் சார்ந்து, சில்லுக்கு வேண்டியதை மட்டும் புதிதாக எழுதியது. அளவிலும் சிறியது.

அப்படியானால் பத்தாண்டு உழைப்பும் வீண்தானா? "ஆம், வீண்; மாணவர்கள் விளையாடக் கொடுத்த மண்சோறு அது" என்று சில மூத்த பொறியாளர்கள் எள்ளுவதைக் கேட்டிருக்கிறேன். இந்த ஏளனம் எனக்கு உடன்பாடன்று. பல ஆயிரம் செருகிகள் அந்தப் பத்தாண்டும் வேலை செய்தன. பயன்படாத பகுதிகளை வெட்டி எறிந்த திருத்தங்கள், சில்லுக்கு உண்மையில் தேவைப்படுவது எவ்வளவு என்பதைக் காட்டின. அங்கே முதல் திருத்தம் அனுப்பியோர் சிலர் இன்று தேர்ந்த பொறியாளர்கள். ஆனால் எள்ளுவோர் சொல்வதில் ஒரு பகுதி உண்மை இருக்கிறது. அடித்தளத்தின் கோணலை வெள்ளையடித்துச் சரிசெய்ய முடியாது.

எதிர்ச் சான்று ஒன்றும் தருகிறேன். 'வில்க்1000' என்ற சில்லின் டிரைவர் 2015-இல் ஸ்டேஜிங் அறைக்கு வந்தது. அதுவும் சொந்தப் பாத்திர மூட்டையோடு வந்ததுதான். அந்த இடைத்தட்டை முதலில் உரித்தெடுத்தார்கள். லினக்ஸின் வழக்கங்களுக்கு நிரலின் உள்ளமைப்பையே மாற்றினார்கள். சில்லு நிறுவனத்தின் பொறியாளர்களே தொடர்ந்து வேலை செய்தார்கள். 2020-இல் அது அறையிலிருந்து தேறி வெளியேறி, முறையான வைஃபை டிரைவர்களோடு இடம் பெற்றது. ஐந்தாண்டில் தேர்ச்சி! இரண்டையும் ஒரே தராசில் வைப்பது முழு நியாயமன்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். வில்க்1000 சில்லு 802.11 விதிகளின் பெரும்பகுதியைத் தன்னுள்ளேயே நிறைவேற்றிக்கொள்ளும் வகை. ஆகவே டிரைவரின் சுமை குறைவு. எனினும், சில்லை அறிந்தவர்கள் அமைப்பில் கைவைத்தார்கள் என்பதே தேர்ச்சிக்கு முதற்காரணம் என்று கருதுகிறேன்.

இடைவெளி திருத்துவதில் தீமை ஒன்றும் இல்லையே என்று கேட்பீர்கள். இரண்டு தீமைகள் உண்டு.

ஒவ்வொரு வரியும் யாரால், எப்போது, எதற்காக மாற்றப்பட்டது என்ற வரலாற்றைக் கருநிரல் பேணி வருகிறது. பிழை காண வருபவர் முதலில் புரட்டுவது அந்த வரலாற்றைத்தான். வெறும் இடைவெளித் திருத்தம் செய்தால், அந்த வரியின் மேல் கடைசியாகத் தெரிவது உங்கள் பெயர். உண்மையான மாற்றம் செய்தவரைக் காண இன்னும் ஒரு படி தோண்ட வேண்டும். இதனால்தான் ஸ்டேஜிங் அறைக்கு வெளியே, பழைய வரிகளுக்கு வெறும் அழகுத் திருத்தம் அனுப்பினால் பொறுப்பாளர்கள் பலர் முகம் சுளிக்கிறார்கள். அவர்கள் நேரமும் கணக்கில் வரவேண்டும் அன்றோ? ஓர் எழுத்து மாற்றமானாலும் ஒருவர் உட்கார்ந்து படித்தாக வேண்டும். தவிர, அழகின் அளவுகோலும் நிலையானதன்று. வரி 80 எழுத்துக்கு மேல் போகக் கூடாது என்று எச்சரித்துவந்த செக்பேட்ச், 2020-இல் 100 வரை இடங்கொடுத்தது. 80-க்காக மடித்த வரிகள் என்ன ஆயின என்று கேட்காதீர்கள்.

மற்றொரு தீமை இதைவிடக் கடுமையானது. துப்புரவே புதுப்பிழையைக் கொண்டுவந்துவிடலாம். லினக்ஸில் ஒரு செயல்கூறு தன் வேலையைச் சரியாக முடித்தால் 0 என்று விடை தருவதே வழக்கம். தவறினால் இன்ன தவறு என்று குறிக்கும் எதிர்மறை எண். ரியல்டெக் நிரலில் வழக்கு தலைகீழ்: வெற்றிக்கு 1, தோல்விக்கு 0. துப்புரவாளர் ஒருவர், இதை லினக்ஸ் மரபுக்கு மாற்றுவோமே என்று ஒரு செயல்கூறில் தோல்வி விடையை 0-இலிருந்து -1 ஆக்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பார்வைக்கு நல்ல திருத்தம். ஆனால் அதை அழைக்கும் இடம் வேறு கோப்பில் இருக்கிறது. அங்கே 'விடை பூச்சியம் இல்லையென்றால் வெற்றி' என்று எழுதியிருக்கிறது. -1 பூச்சியம் அன்றே! தோல்வி வெற்றியாகிவிட்டது. கிடைக்காத நினைவகத்தைக் கிடைத்ததாக நம்பி நிரல் மேலே நடக்கும். செக்பேட்ச் இதைப் பற்றி மூச்சுவிடாது. நிரல் பிழையின்றித் தொகுக்கப்பட்டும் விடும். செருகியைச் சொருகிச் சோதித்துப் பார்த்தாலொழியத் தெரியாது. திருத்தம் அனுப்புவோரில் அந்தச் செருகியைக் கையில் வைத்திருப்பவர் எத்தனை பேர்? இருநூறு முந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கிற பொருள் அது. வாங்கிக்கொள்ளாமல் அதன் நிரலில் கைவைப்பது, நோயாளியைப் பாராமல் மருந்துச் சீட்டைத் திருத்துவது போன்றது.

இவ்விடத்தில் ஒருவரைப் பற்றிச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. லாரி ஃபிங்கர். நான் மேலே சொன்ன ரியல்டெக் டிரைவர்களில் பலவற்றை லினக்ஸுக்குள் கொண்டுவந்து பேணியவர் இவர். தொழிலால் கணிப்பொறிக்காரர் அல்லர், படிகவியல் அறிஞர். அமெரிக்காவின் கார்னகி நிறுவனத்தில் கனிமங்களின் உள்ளமைப்பை ஆராய்ந்தவர். அவர் பெயரால் 'ஃபிங்கரைட்' என்று ஒரு கனிமமே இருக்கிறது. ஓய்வு பெற்ற வயதில், 2005 முதல், லினக்ஸின் வைஃபை டிரைவர்களில் உழைக்கத் தொடங்கினார். முதலில் பிராட்காம் சில்லுகள், பின்னர் ரியல்டெக். 2024 ஜூனில் தம் 84-ஆம் வயதில் காலமாகும்வரை புதியவர்களின் திருத்தங்களைப் படித்துக் கருத்துச் சொல்லிக்கொண்டிருந்தார்.

படிகவியலார் ஒருவர் இந்த வேலைக்கு வந்து சேர்ந்தது தற்செயல் அன்று என்று எனக்குத் தோன்றுகிறது. படிகத்துக்குள் அணுக்கள் எப்படி நிற்கின்றன என்பதைக் கண்ணால் காண முடியாது. எக்ஸ் கதிரைச் செலுத்தி, சிதறி விழும் புள்ளிகளைக் கொண்டு உள்ளே இருப்பதை ஊகிக்க வேண்டும். பிராட்காம் சில்லுக்கு அந்நாளில் விளக்கக் குறிப்பே கிடைக்கவில்லை. எந்த எண்ணை எழுதினால் என்ன நேர்கிறது என்பதைக் கவனித்து உள்ளமைப்பை ஊகிக்க வேண்டியிருந்தது. ஒரே பழக்கம், வேறு பொருள். அப்படிப்பட்டவரும் நிறுவனத்தின் அழுக்கு நிரல்களை அருவருக்காமல் கையில் எடுத்தார் என்பதைக் கவனியுங்கள். அழுக்கு அவருக்கு இரண்டாம் பட்சம். சில்லு என்ன செய்கிறது என்பதே முதல்.

இனி ஆவடி மாணவருக்கு வருகிறேன். அவருக்கு நான் ஒரு கடிதம் எழுதினேன். ஸ்டேஜிங் அறையில் 'ஆர்டிஎல்8723பிஎஸ்' என்று ஒரு டிரைவர் 2017 முதல் இருக்கிறது. மலிவான டேப்லெட்டுகளிலும் சிறு கணிப்பொறிகளிலும் வந்த சில்லு அது. அதன் குறைப் பட்டியலில் வரி நீளமும் உண்டு. ஆனால் அந்த வரிகளில் பலவற்றை அமைப்பை மாற்றாமல் சுருக்க இயலாது என்ற எச்சரிக்கையும் கூடவே இருக்கிறது. மேக்80211-க்கு மாற்று என்பதும் இருக்கிறது. அது ஆண்டுக்கணக்கான வேலை. இரண்டுக்கும் நடுவே ஒன்றைக் காட்டினேன்: 5 கிகாஹெர்ட்சுக்கு மட்டும் உரிய பகுதிகளைத் தேடி நீக்குக, சானல் எண் 14-ஐவிடப் பெரியதா என்று கேட்கும் வரிகள் இன்னும் மிச்சம் இருக்கின்றன.

இது என்ன புதிர் என்று பாருங்கள். இந்தச் சில்லு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில் மட்டுமே பேசக்கூடியது. அந்த அலைவரம்பில் சானல்கள் 1 முதல் 14 வரைதான். முதல் சானல் 2412 மெகாஹெர்ட்ஸ். அடுத்தடுத்து 5 மெகாஹெர்ட்ஸ் கூட்டிக்கொண்டே போனால் 13-ஆம் சானல் 2472. ஐந்து கிகாஹெர்ட்ஸ் வைஃபை சானல்களின் எண்கள் 36-லிருந்து தொடங்குகின்றன. ஆகவே 'சானல் 14-ஐவிடப் பெரியதா?' என்று நிரல் கேட்பது, உண்மையில் 'இது ஐந்து கிகாஹெர்ட்சா?' என்று கேட்பதாகும். இந்தச் சில்லில் அதற்கு விடை எப்போதும் 'இல்லை' என்பதே. ரியல்டெக்கின் வேறொரு சில்லுக்காக வார்த்த மேடு இது. நீக்கினால் வரி குறையும், கேள்வி குறையும், நிரல் ஓடும் வழி தெளிவாகும். ஆனால் நீக்கத் துணிவதற்கு முன், அந்தக் கேள்வியின் 'ஆம்' கிளைக்குள் வேறு எதுவும் ஒளிந்திருக்கவில்லையே என்று பார்க்க வேண்டும். அந்தச் சானல் எண் எங்கிருந்து வருகிறது, பக்கத்து வீட்டு ரௌட்டர் அனுப்பிய செய்தியில் தவறான எண் இருந்தால் என்ன ஆகும் என்றெல்லாம் தேடிப் போக வேண்டும். ஓர் இடைவெளியை நீக்குவதற்கும் இதற்கும் எழுத்துக் கணக்கில் அதிக வேறுபாடு இராது.

இரண்டு வாரம் கழித்து அவரிடமிருந்து பதில் வந்தது. திருத்தம் இன்னும் அனுப்பவில்லையாம். நிரலைப் படித்துக்கொண்டிருக்கையில் ஒரு சந்தேகம் வந்துவிட்டதாம்: "13-ஆம் சானல் 2472 என்றால் 14-ஆம் சானல் 2477 ஆகத்தானே இருக்க வேண்டும்? 2484 என்று போட்டிருக்கிறதே, இது நிரலில் பிழையா, சார்?"

பிழை அன்று. 14-ஆம் சானல் மற்றவற்றிலிருந்து 12 மெகாஹெர்ட்ஸ் தள்ளி நிற்பது. ஜப்பானில் மட்டும், அதுவும் 802.11பி என்னும் பழைய முறைக்கு மட்டும் அனுமதிக்கப்பட்டது; நம் நாட்டில் 13 வரைதான். ஆகவே 14 என்று நேராகக் கேட்கும் வரிகளை ஐந்து கிகாஹெர்ட்ஸ் மிச்சம் என்று நினைத்து வெட்டிவிடாதீர்கள் என்று அவருக்கு எழுதியிருக்கிறேன். கையில் அந்தச் சில்லுள்ள பழைய டேப்லெட் ஒன்று வேண்டும் என்கிறார். அம்பத்தூர், பூந்தமல்லிப் பக்கத்து வாசகர்கள் எவரிடமாவது உடைந்த திரையோடு ஒன்று மூலையில் கிடந்தால் சொல்லுங்கள்.